சந்தியில் நின்ற சாக்குச் சிலை

அத்தியாயம் 14

காலையில் சிவரூபன் தன் சேர்ட்டைத் தானே அயர்ன் பண்ணுவதைக் கண்டு லோஜினி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அயர்ன் பெட்டியைத் தொட்டதில்லை. கசங்கிய சேர்ட்டோடு பாடசாலைக்குப் போய், சித்திர வாத்தி இப்படித்தான் இருப்பான் என்று சிரித்துவிட்டு வருகிற ஆள். இன்றைக்கு நீலச் சேர்ட்டின் கைமடிப்பை நீவி நீவி அழுத்திக்கொண்டிருந்தான்.

வளாகச் சந்தியைப் பற்றிக் கதைக்காத நாளே இந்த வீட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. நிலாவெளி வீதியிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குத் திரும்புகிற அந்தக் குறுகிய வீதிக்கு நடைபாதை, விளக்கு, நிழல் மரங்கள், மாணவர்கள் உட்கார வாங்குகள், சந்தியில் ஒரு சிலை என்று பிரதேச சபை ஒரு திட்டம் போட்டது. நடைபாதைக்கும் விளக்குக்கும் படம் கீறியது லோஜினி. சபையின் திட்டமிடல் உத்தியோகத்தர் அவள். சிலைக்குப் போட்டி வைத்தார்கள். பெயர் போடாமல் வந்த மாதிரிகளுக்குள் நடுவர்கள் தெரிவு செய்தது, கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கிற மூன்று மீனவரின் உருவத்தை. உறையைப் பிரித்தபோது அது சிவரூபனுடையது.

புருசன் போட்டியில் இறங்குகிறான் என்று தெரிந்த அன்றே அவள் சிலைக் குழுவிலிருந்து விலகியிருந்தாள். அப்படியும் சபைக் கந்தோரில் சிலருடைய பார்வை மாறித்தான் போயிற்று.

போன கிழமை சபையின் தவிசாளர் வந்து பார்த்து, சிலை உள்ளுக்குள் ஒதுங்கி நிற்கவேண்டாம், சந்தியின் முனைக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டார். நிலாவெளிக் கடலுக்குப் போகிற சுற்றுலா வான்காரர் இறங்கிப் படம் எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. சிவரூபனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மூங்கிலும் யூரியாச் சாக்குமாக அதே உயரத்தில், அதே பருமனில் ஒரு மாதிரியைக் கட்டிச் சந்தியில் நிறுத்திவிட்டான், சனம் பார்த்துப் பழகட்டும் என்று.

இன்று பின்னேரம் வளாக மண்டபத்தில் கடைசிக் கூட்டம். வருட முடிவு நெருங்குகிறது. இன்றைக்கு ஒப்புதல் கிடைத்தால் சிலை உண்டு. கிடைக்காவிட்டால் ஒதுக்கிய காசு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

"லோஜி" என்றான் சிவரூபன், அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "இண்டைக்கு நீ கதைக்கவேண்டி வருமோ?"

"நடைபாதையைப் பற்றி மட்டும்."

"அது காணும். சிலையைப் பற்றி நல்லதும் சொல்லாத, கெட்டதும் சொல்லாத. நீ வாய் திறக்காட்டித்தான் இது எனக்கெண்டு கிடைச்சதா இருக்கும்."

அவள் ஓம் என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

குசினிக்குள் மாமி அன்னலட்சுமி இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கென்றே முதல் நாள் கிளிவெட்டியிலிருந்து வந்திருந்தாள். விடியவே காளி கோயிலுக்குப் போய் மகனின் பெயரில் அர்ச்சனை செய்து, திருநீற்றை அவன் நெற்றியில் அப்பியும் விட்டாள். படிக்கிற பிள்ளையைப் படம் கீற விட்டுக் கெடுத்தாய் என்று அவளை ஏசாத சொந்தம் கிளிவெட்டியில் இல்லை. மூத்தவன் வெளிநாட்டில் உழைத்து மாடிவீடு கட்டிவிட்டான், இளையவன் பழைய தகரத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று வயல்வரம்பில் கேட்ட கதைகளுக்கெல்லாம் இன்றைக்குத்தான் பதில் என்று அவள் நினைத்திருந்தாள். இடியப்பத்தைப் பரிமாறும்போது அதை லோஜினியிடம் சொல்லவும் செய்தாள்.

*

கூட்டத்துக்கு முன் நடைபாதைக்கு அடித்த முளைகளை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று லோஜினி சந்திக்குப் போனாள். வெயில் ஏறியிருந்தது. அன்ஸாரின் தேத்தண்ணிக் கடையில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம், முனையில், சாக்குச் சிலை நின்றது. மூன்று உருவங்கள், முதுகு வளைந்து, குதிக்கால் மண்ணில் புதைய, தெரியாத ஒரு வலையை இழுத்துக்கொண்டு. சாக்கில் கட்டியதே இத்தனை வடிவென்றால் இரும்பில் வந்தால் எப்படியிருக்கும் என்று அவள் ஒரு நிமிடம் அப்படியே நின்று பார்த்தாள். புருசன் மேல் அவளுக்கு அப்போது வந்த பெருமையை யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த நேரம்தான் அது நடந்தது.

கையில் புத்தகங்களோடு ஒரு பெண்பிள்ளை வளாகப் பக்கமிருந்து ஓரமாக வந்தாள். சிலையின் அடித்தளம் நடக்கிற ஓரத்தை அடைத்திருந்ததால், அதைச் சுற்றிப் போகத் தார் வீதிக்குள் காலை வைத்தாள். நிலாவெளிப் பக்கமிருந்து வந்த பஸ் அதே வேளை உள்ளே திரும்பியது. பிரேக் சத்தம் சந்தியையே உலுக்கியது. பிள்ளை சரளைக் கல்லில் விழுந்து கிடந்தாள். பஸ்ஸின் முன்சக்கரம் அவளுடைய செருப்பின் மேல் நின்றது.

லோஜினி ஓடிப்போய்த் தூக்கினாள். முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தது, வேறொன்றும் இல்லை. ஸல்ஹா என்று பெயர், முதலாம் வருடம், ஊர் மூதூர். அழவில்லை, ஆனால் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"வீட்டுக்குச் சொல்லிராதீங்க மிஸ்" என்றாள் முதல் வேலையாக. "நான் இஞ்ச வந்து படிக்கிறதே வாப்பாக்குப் பயம். கேள்விப்பட்டா வா எண்டு கூட்டிட்டுப் போயிருவாங்க."

சாரதி இறங்கி நின்று, தான் வேகமாக வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். லோஜினி அவனை ஏசவில்லை. பஸ்ஸில் ஏறினாள். சாரதியின் ஆசனத்தில் உட்கார்ந்து முன் கண்ணாடியால் பார்த்தாள். பிள்ளை வந்த இடம் தெரியவில்லை. நடைபாதை முளைகள் தெரியவில்லை. கண்ணாடியின் இடப்பக்கம் முழுக்க யூரியாச் சாக்குகள்.

இறங்கியபோது அன்ஸார் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்தி, இது முதல் தடவை இல்லை என்றான். இரண்டு நாளைக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் மயிரிழையில் தப்பியதாம்.

"ஏன் அன்ஸார் நானா, எனக்குச் சொல்லேல்ல?"

"உங்கட அவர்ர சிலை தங்கச்சி. நான் எப்பிடிச் சொல்லுற?"

அவள் சிலையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சிலையைச் சற்று உள்ளே தள்ளி வைக்கலாமா என்று மனம் ஓடியது. உள்ளே பெரிய வடிகான், அதற்கப்பால், முதலில் சிலைக்குக் குறித்த இடத்தில், இன்னும் பெயர்க்காத மின்மாற்றிக் கம்பம். அதைப் பெயர்க்க வேறு திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வருடம் முடிவதற்குள் அது நடக்காது. உருவத்தைச் சிறிதாக்கினால் அது சிவரூபனின் சிலையாக இராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்தே இருந்தது.

*

சிவரூபன் அவளுடைய அழைப்புகளுக்குப் பதில் சொல்லவில்லை. தாயோடு ஓட்டோவில் மண்டப வாசலில் வந்து இறங்கியபோதுதான் அவள் அவனைப் பிடிக்க முடிந்தது. சைக்கிள்கள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். பஸ்ஸில் ஏறிப் பார்த்ததையும் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டு நின்றான். சொல்லச் சொல்ல அவன் முகம் மூடிக்கொண்டே போனது.

"பஸ்காரன் பார்த்து ஓடவேணும்" என்றான்.

"நான் அவன் இருந்த இடத்தில இருந்து பார்த்தனான். ஓரத்தில வாற ஆள் தெரியாது."

"மஞ்சள் கோடு போடலாம். வேகத்தடை போடலாம். நீதானே படம் கீறுற ஆள், ஒரு வழி சொல்லன்."

"வழி இருந்தா உங்களிட்ட இப்பிடி வந்து நிப்பனா?"

அவன் மண்டபத்தின் பக்கம் பார்த்தான். உள்ளே கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. மூன்று வருடம் அவன் வீட்டுப் பின்வளவில் அந்த உருவங்களோடு கிடந்தது அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் உடைத்த படகுகளின் தகட்டுக்காக அலைந்ததும், வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்து தூங்காமல் கிடந்ததும், வேறு இரண்டு போட்டிகளில் பெயர்கூட வராமல் போனதும் தெரியும்.

"சொல்லுறதெண்டா சொல்லு" என்றான் கடைசியில். "காலமை நீ ஓம் எண்டனி. அதையும் நினைச்சுக்கொண்டு சொல்லு."

அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

மண்டபம் நிறைந்திருந்தது. விரிவுரையாளர்கள், கடைக்காரர், மாணவர் சங்கம், சாம்பல்தீவிலிருந்து வந்த மீனவர் சிலர். நடுவில் தவிசாளர். முன்வரிசையில் அன்னலட்சுமி பட்டுச்சேலையோடு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. லோஜினி நடைபாதையைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் விளக்கினாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்ததாகச் சிலையின் படம் திரையில் விழுந்தபோது பின்னாலிருந்து மாணவர்கள் கைதட்டினார்கள். அன்னலட்சுமி திரும்பி அவர்களைப் பார்த்து, யார் பெற்ற பிள்ளைகளோ, கண்ணில் நீரோடு சிரித்தாள்.

தொழில்நுட்ப ரீதியாக யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தவிசாளர் ஒரு சடங்குக்குத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

லோஜினி எழும்பினாள். சந்தி முனையில் சிலை வரக்கூடாது என்றாள். ஸல்ஹாவின் பெயரைச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னாள். சாரதியின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொன்னாள்.

மண்டபம் குசுகுசுத்தது. தவிசாளரின் முகம் சிவந்தது. சிலை விசயத்தில் தலையிடமாட்டேன் என்று விலகிய உத்தியோகத்தர் இப்போது எந்த உரிமையில் பேசுகிறார் என்று கேட்டார். இடத்தை மாற்றியது தான் என்பதால் தன்னைக் குறை சொல்லுகிறாரா என்றும் கேட்டார். வீட்டுச் சண்டையைக் கூட்டத்துக்குக் கொண்டுவரவேண்டாம் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிலர் சிரித்தார்கள். லோஜினிக்கு முகம் எரிந்தது. ஆனால் உட்காரவில்லை. நடைபாதை தன் பொறுப்பு, சிலை அந்த நடைபாதையை மறிக்கிறது, அந்த உரிமையில்தான் பேசுகிறேன் என்றாள்.

தவிசாளர் அவளை விட்டுவிட்டுச் சிவரூபனைப் பார்த்தார்.

"செய்யிற ஆள் நீங்கள். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

சிவரூபன் எழும்ப நேரமெடுத்தது. மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

"நான் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லுறன்" என்று சொல்லி, நடுவழியால் நடந்து வெளியே போனான்.

தேநீருக்கு நேரம் விட்டார்கள். லோஜினி வெளிவாசலுக்கு வந்தாள். வளாக வீதி நேராகச் சந்திக்கு ஓடியது. அதன் நடுவே அவன் நடந்துகொண்டிருந்தான். அன்னலட்சுமியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

அவன் சிலைக்குப் பின்னால் போனான். ஸல்ஹா வந்ததுபோல ஓரமாக வந்து, அடித்தளத்தைச் சுற்றித் தாருக்குள் காலை வைத்தான். அங்கேயே நின்றான். பெரிய வீதியில் ஒரு டிப்பர் லொறி வருகிற இரைச்சல் கேட்டது. அவன் நகரவில்லை.

"டேய் தம்பி" என்று அன்னலட்சுமி வாய்க்குள் சொன்னாள்.

லோஜினி ஓடத் தொடங்கிவிட்டாள். செருப்புக் கழன்றது தெரியவில்லை. டிப்பர் உள்ளே திரும்பியது, ஹோர்ன் அடித்தது, சிவரூபன் கடைசி நொடியில் பின்னால் சாய்ந்தான். மண் கிளம்பி அவனை மறைத்தது. மண் அடங்கியபோது மூங்கில் ஒன்றைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் மூச்சு இரைத்தது.

"ஹோர்ன் அடிக்கிற வரைக்கும் எனக்கும் தெரியேல்ல லோஜி" என்றான். "சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதெண்டே தெரியேல்ல."

அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலக்கவில்லை, ஆனால் கை அவனுடையது போலவும் இல்லை.

திரும்பி மண்டபத்துக்குள் போய், இந்த இடத்தில் வைக்க ஏலாது, வேறு இடம் இல்லையென்றால் சிலை வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் வெளியேறினான். தவிசாளர் சிலை வேலை கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். நடைபாதைக்கும் விளக்குகளுக்கும் ஒப்புதல் கிடைத்தது. மாணவர்கள் அதற்கும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் லோஜினியின் காதில் அறைந்தது போலிருந்தது. பல மாதம் பாடுபட்ட வேலை கைகூடியிருக்கிறது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

வாசலில் அன்னலட்சுமி அவளுக்காகக் காத்திருந்தாள். லோஜினியின் செருப்பை எடுத்து வைத்திருந்தாள்.

"நீ பிழை சொல்லேல்ல எண்டு எனக்கு விளங்குது பிள்ளை" என்றாள். "ஆனா அதை வேற ஆராவது சொல்லியிருக்கலாம்."

சிவரூபன் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றான். அம்மாவைக் கிளிவெட்டியில் விட்டுவிட்டு இரண்டு நாள் அங்கேயே நிற்கப்போகிறேன் என்றான். தானும் வரட்டுமா என்று லோஜினி கேட்டாள்.

"வேண்டாம். நீ சரியாத்தான் செய்தனி. இண்டைக்கு என்னால அதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது, அவ்வளவுதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் களைப்போடு சொன்னான். ஓட்டோ கண்ணுக்கு மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

*

வீட்டுக்கு வந்து, காலையில் மீதியான இடியப்பத்தை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் இருந்தாள். பின்வளவுப் பக்கம் போகவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வளாகப் பதிவாளர்.

சிவரூபன் சந்திக்குப் போய் நின்றதை மண்டபத்து மாடியிலிருந்து விரிவுரையாளர் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் கலைந்த பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். நூலகத்துக்கு முன்னால் வாகனம் போகாத பெரிய முற்றம் ஒன்று இருக்கிறது. அங்கே வைக்க வளாகம் தன் செலவில் ஆயத்தம். சபையின் தயவு தேவையில்லை. ஆனால் நாளைக் காலை வளாக நிர்வாகக் குழு கூடுகிறது, அதில் கலைஞர் நேரில் வந்து பேசவேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். சிவரூபனின் தொலைபேசி வேலை செய்யவில்லை, தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்.

லோஜினி நன்றி சொன்னாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. உடனே சிவரூபனை அழைத்தாள். தொலைபேசியை அணைத்து வைத்திருந்தான். மறுபடியும் அழைத்தாள். பிறகு மாமியின் இலக்கத்தை அழுத்தினாள். பஸ் இரைச்சலுக்குள் அன்னலட்சுமியின் குரல் கேட்டது.

"மாமி, இவரிட்ட ஃபோனைக் குடுங்கோ. நல்ல சேதி ஒண்டு."

"ஆரிட்ட?"

"இவரிட்ட. உங்களோடதானே வாறார்?"

"அவன் என்னோட வரேல்லையே பிள்ளை" என்றாள் அன்னலட்சுமி. "பஸ்ஸில என்னை ஏத்திவிட்டிட்டு, யோசிச்சுப் பார்த்தன், லோஜியை இண்டைக்குத் தனிய விடக்கூடாது, வீட்டுக்குத் திரும்பிப் போறன் எண்டவன். நான் சந்தோஷமா வந்துகொண்டிருக்கிறன். அவன் அங்க வரேல்லையோ?"

"இல்லை மாமி."

அவன் இருவருக்கும் இரண்டு கதை சொல்லியிருக்கிறான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. டிப்பர் திரும்பும்போது நகராமல் நின்ற அந்த உருவம் லோஜினியின் கண்ணுக்குள் வந்தது. மாமிக்கும் அதுதான் வந்திருக்கவேண்டும்.

"பிள்ளை, நீ அழாத" என்றாள் அன்னலட்சுமி. குரல் உறுதியாக இருந்தது. "பஸ் இப்பத்தான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுது. நான் வாறன். ரெண்டு பேருமாத் தேடுவம்."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பஸ் நடத்துநரைக் கூப்பிடுவது லோஜினிக்குக் கேட்டது.

"தம்பி, பஸ்ஸை நிப்பாட்டு. நான் இறங்கவேணும்."